ஐந்து ஆட்டங்களும் மூன்று ஓலைகளும்

ரெமிஜியஸ் முப்பத்தோரு வருஷம் பெங்களூரு டவுன் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ரிட்டயராகி மூன்று வருஷம் ஆகியும் அவர் கண் மட்டும் ரிட்டயராகவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் தக்காளி வாங்கும்போதுகூடத் தராசைப் பார்க்க மாட்டார், தராசுக்காரன் முகத்தைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவனுக்கு அது முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் என்பது அவர் கட்சி. யாராவது ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்த்தால் முதலில் அவனிடம்தான் போய்க் கையை நீட்டுவாராம். இப்படிப்பட்ட மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மௌரீன் டீச்சருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அந்தம்மா பாவம், காலையில் ஸ்கூலுக்குப் போனால்தான் மூச்சு விட முடிகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

இவர்களுக்கு ஒரே மகள், நிக்கோல். இருபத்தொன்பது வயது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்கு வீடியோ கேம் என்றால் உயிர். கையில் வைத்து ஆடுகிற கன்சோல் ஒன்று வைத்திருந்தாள். அதை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள்.

பங்குக் கோயில் கல்யாண பீரோ மூலமாக வந்த வரன் லாயிட். லிங்கராஜபுரத்துப் பையன், மருந்துக் கம்பெனி உத்தியோகம், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. ஜனவரியில் அப்பா அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். பெரியவர்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது நிக்கோல் நேராக அவனிடம் கேட்டாள்.

"நீங்க கேம்ஸ் ஆடுவீங்களா? உங்க ஃபேவரிட் எது?"

லாயிட் கேக் தட்டைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான். "முதல்ல பம்ப்கின் லேன். அப்புறம் டீப் வெல், செவன் கீஸ், கேப்டன் பிக்கிள், நைட் போஸ்ட்மேன். சின்ன வயசுலேர்ந்தே இதெல்லாம் ஆடுறேன்."

"அய்யோ! என்னோட அஞ்சும் இதேதான். வரிசைகூட இதேதான்!" என்று நிக்கோல் கத்தியே விட்டாள். பையனின் அம்மா, கர்த்தர் சேர்த்து வைக்கிறார் என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரெமிஜியஸுக்கு மூக்கு வேர்த்தது. ஐந்தும் ஒன்றாக இருக்கலாம், தப்பில்லை. வரிசையும் ஒன்றாக இருக்குமா? அதுவும் அந்தப் பையன் ஐந்து பெயரையும் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவருக்கு அது போதும்.

ஆனால் யாரிடம் சொல்ல? நிக்கோல் அன்றைக்கே சரி என்றுவிட்டாள். மௌரீனிடம் மெல்ல ஆரம்பித்தால், "உங்களுக்கு அந்த ஆண்டவரே மாப்பிள்ளையா வந்தாலும் டிக்கெட் கேப்பீங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். நிச்சயம் முடிந்தது. அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். கத்தோலிக்கர் கல்யாணத்தில் இது பழைய வழக்கம். மூன்று ஞாயிறு தொடர்ந்து மணமக்கள் பெயரைக் கோயிலில் அறிவிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடிப்பார்கள். அந்தக் கடைசி வாக்கியம் தனக்கென்றே வாசிக்கப்பட்டதாக ரெமிஜியஸ் எடுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருந்தது.

திங்கட்கிழமை. மௌரீன் ஸ்கூலுக்கும் நிக்கோல் ஆபீசுக்கும் போனபின் அவர் மகளின் அறைக்குள் போனார். தன் வீட்டில் தன் மகள் அறைக்குள் எதற்குப் பூனை நடை நடக்கிறோம் என்று அவருக்கே கோபம் வந்தது. கல்யாண ஷாப்பிங், ஆபீஸ் என்று அலைந்ததில் நிக்கோல் ஒரு மாதமாகக் கன்சோலைத் தொடவே இல்லை. மேஜையில் தூசி படிந்து கிடந்தது. எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்பதை அவள் தோளுக்குப் பின்னால் நின்று முன்பே பார்த்து வைத்திருந்தார். நண்பர்கள் பட்டியலைத் திறந்தார். லாயிட் பெயர் இருந்தது. அதைத் தொட்டதும் அவன் எந்தெந்த ஆட்டத்தை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறான் என்று வரிசையாக வந்து நின்றது.

பம்ப்கின் லேன், ஐந்து மணி நேரம். டீப் வெல், இரண்டு மணி நேரம். மற்ற மூன்றும் அதில் இல்லவே இல்லை. கார் ரேஸ் ஆட்டம் ஒன்று மட்டும் நானூறு மணி நேரம்.

"சின்ன வயசுலேர்ந்தாடா ஆடுறே, திருட்டுப் பயலே" என்றார் ரெமிஜியஸ் வாய்விட்டே.

இதை அப்படியே மகளிடம் காட்டியிருக்கலாம். ஆனால் காட்டினால், என் கன்சோலை ஏன் எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பாள். பையனே உளறிக் கொட்ட வேண்டும், கையும் களவுமாகப் பிடிபட வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கு முன்னால், எந்த ஸ்டாப்பில் ஏறினாய், அங்கே என்ன கடை இருக்கிறது என்று கேட்பாரே, அதே முறை. அதற்கு ஸ்டாப்புகள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பம்ப்கின் லேனைத் திறந்தார். மகள் சேர்த்து வைத்த தோட்டத்தைத் தொடவில்லை, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் புதுத் தோட்டம் ஆரம்பித்தார். அந்த அளவுக்கு அவர் யோக்கியர்.

ஒரு பாழடைந்த வீடு, அரை ஏக்கர் நிலம், ஒரு வாளி. விதை போட்டால் மூன்று நாளில் முளைக்கிறது. கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் கிழவன் மழை பெய்தால் குடை கேட்கிறான், கொடுத்தால் பூசணி விதை தருகிறான். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆடினார். மறுநாள் பதினொன்றுக்கு உட்கார்ந்தவர் மௌரீன் வரும் நேரம் பார்த்துப் பதறி எழுந்தார். அந்த வாரக் கடைசியில் விசாரணை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, பக்கத்து வீட்டுக் கோழி தன் கீரையைத் தின்கிறது என்று நிஜமாகவே வயிறெரிந்தார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று லாயிட் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். பெண்கள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். ரெமிஜியஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க முதல் கேம் எது சொன்னீங்க? பம்ப்கின் லேனா? அதுல மழை பெஞ்சா அந்தக் கிழவன் இன்னா கேப்பான்?"

லாயிட் விழித்தான். "மழையா அங்கிள்? ரொம்ப நாளாச்சு... மறந்துட்டேன்."

"ஓஹோ."

"நீங்க எப்படி அங்கிள்... நீங்க ஆடுவீங்களா?"

"நானா? அந்தக் குழந்தைங்க சாமானையெல்லாம் நான் தொடறதேயில்ல. நிக்கோல் எப்பவோ சொன்னா."

நாக்கூசாமல் சொன்னார். போலீஸ்காரன் மாறுவேஷம் போடுவதில்லையா, அது மாதிரி என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். லாயிட்டின் முகம் அந்தப் பதிலைக் கேட்டு ஏன் இன்னும் வெளுத்தது என்று அவர் யோசிக்கவில்லை. சாப்பிடும்போது பையன் நிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை மீட்டிங் எப்படிப் போச்சு, எத்தனை மணி வரைக்கும் இருந்தே, கேமெல்லாம் ஆட நேரமே இல்லையா என்று கேட்டான். "அதைத் தொட்டே ஒரு மாசமாச்சு" என்றாள் நிக்கோல், பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே. அவன் தலையைக் குனிந்துகொண்டு எலும்பைக் கடித்தான். மாட்டிக்கொண்டோம் என்று உள்ளுக்குள் உதறுகிறது பையனுக்கு என்று ரெமிஜியஸ் முடிவு கட்டினார்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாயிட் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். தூங்கி நாலைந்து நாள் ஆனவன் மாதிரி இருந்தான். மௌரீன் காபி போட எழுந்தாள். வேண்டாம் ஆண்ட்டி, உட்காருங்க என்றான்.

"நாளைக்கு மூணாவது ஓலையை ஸ்வல்ப நிறுத்தி வைக்கச் சொல்லலாம்னு நினைக்கிறேன்."

அப்படியே பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது ரெமிஜியஸுக்கு. குட்டு வெளிப்படப் போகிறது என்று பயந்து பையன் தானே ஓடுகிறான்! கேள்விகளையெல்லாம் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் லாயிட் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தன் போனை நிக்கோலிடம் நீட்டினான்.

"என் கேம்ல உன் பேர் வரும். நீ ஆடும்போது பச்சை லைட் எரியும், என்ன கேம்னு காட்டும். பாரு. செவ்வாய் பதினொண்ணு பத்து. புதன் பதினொண்ணு. வியாழன் பன்னெண்டரை வரைக்கும். ரெண்டு வாரமா தினம். நீ தொடவே இல்லேன்னு சொல்றே. ஆபீசுக்குப் போன் பண்ணி ரிசப்ஷன்ல கேட்டேன், நீ உள்ளேதான் இருக்கேன்னாங்க. அப்ப அந்த நேரத்துல உன் ரூம்ல யாரு இருக்கா? அங்கிளைக் கேட்டா, அவர் தொடறதேயில்லேன்னு சொல்றாரு."

நிக்கோல் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மௌரீன் புரியாமல் மகளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ரெமிஜியஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். அவன் எங்கே பச்சை லைட்டைப் பார்த்தான், இந்தச் சனியனுக்குள் இப்படி ஒன்று இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்! வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் கல்யாணம் நின்றுவிடும், அதைத்தானே இத்தனை நாள் விரும்பினார்? ஆனால் அப்படி நின்றால் தன் மகள் மேல் ஒரு கறை அல்லவா தங்கிவிடும்?

"நான்தான்" என்றார்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நான்தான் ஆடினேன். தினம் பதினொரு மணிக்கு. தம்பி அஞ்சு கேம் பேர் சொன்னது பொய்யின்னு பட்டுச்சு. செக் பண்ணலாம்னு எடுத்தேன். அப்புறம்... எடுத்துட்டேன்."

முதலில் சிரித்தது மௌரீன்தான். ஆடு திருடினவன் மாதிரி நிற்கிற புருஷனைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை. லாயிட் அப்படியே சோபாவில் சரிந்து தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது.

"பொய்தான் அங்கிள். பீரோவுல கொடுத்த பயோடேட்டாவுல நிக்கோல் எப்பவோ அந்த அஞ்சையும் எழுதியிருந்தா, அவளுக்கே ஞாபகம் இல்ல போல. அதைப் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். எனக்குக் கார் ரேஸ்தான் தெரியும். பயத்துல சொல்லிட்டேன். இப்பதான் ஒவ்வொண்ணா கத்துக்க ஆரம்பிச்சேன்."

ரெமிஜியஸுக்கு நெஞ்சில் ஏதோ இளகிவிட்டது. பெண்ணுக்குப் பிடிக்க வேண்டுமென்று ஐந்து பெயரை நெட்டுருப் போட்ட பையன்! இவனையா திருட்டுப் பயல் என்றோம்? வாங்க தம்பி, காபி குடிங்க என்று எழுந்தே விட்டார்.

நிக்கோல் மட்டும் சிரிக்கவில்லை. போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ரெண்டு வாரம் இதைப் படம் பிடிச்சு வெச்சிருக்கீங்க. தினமும் எனக்குப் போன் பண்ணி, சாப்டியான்னும் கேட்டீங்க. ஒரு நாள்கூட என்கிட்ட நேராக் கேட்கலையே?"

"எப்படி நிக்கி கேக்கறது? நீ மறைச்சுட்டா? முதல்ல எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கேக்கலாம்னு..."

"நான் மவுன்ட் கார்மெல் காலேஜ்ல படிக்கும்போது டாடி என் பஸ்ல ஏறுவாரு. டூட்டியே இருக்காது அன்னிக்கு. பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டு, என்கிட்டயும் டிக்கெட் கேட்டு வாங்கிப் பாத்துட்டு, அடுத்த ஸ்டாப்ல எறங்கிடுவாரு. மூணு வருஷம். என் ஃப்ரெண்ட்ஸ் யாரும் என் பக்கத்து சீட்டுல உக்கார மாட்டாங்க." அவள் குரல் ஏறவே இல்லை. "இந்த வீட்ல எதுலேர்ந்து தப்பிக்கக் கல்யாணம் பண்ணிட்டுப் போலாம்னு இருந்தேனோ, அது அங்கேயும் இருக்கு."

"நிக்கி, விஷயம்தான் தெரிஞ்சுபோச்சே, தப்பு இல்லேன்னு ஆயிடுச்சே" என்றான் லாயிட்.

"இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அடுத்த மாசம்?"

"பாப்பா, சின்ன விஷயம்மா இது" என்று குறுக்கே விழுந்தார் ரெமிஜியஸ். "அவர் எடத்துல யாரா இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். நானா இருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பேன்."

"தெரியும் டாடி" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அவளே கோயிலுக்குக் கிளம்பினாள். ரெமிஜியஸும் பின்னாலேயே போனார். வழியெல்லாம் லாயிட்டுக்காக வாதாடிக்கொண்டே போனார். அவன் குணம், குடும்பம், பொறுப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். ஜனவரியிலிருந்து அவன்மேல் அவர் சேர்த்து வைத்த குற்றச்சாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவரே தள்ளுபடி செய்தார். நிக்கோல் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

பங்குத்தந்தை திருமணப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்ப நிறுத்தணும்னா காரணம் கேப்பாங்க. பையன் மேல ஏதாச்சும் குத்தம் கண்டுபிடிச்சீங்களா, ரெமிஜியஸ்?"

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் மேல் ரிப்போர்ட் எழுதிய மனுஷன். மகளைப் பார்த்தார். அவள் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்தம்னு ஒண்ணும் இல்ல ஃபாதர்" என்றார். "நல்ல பையன். அப்படியே என்னை மாதிரி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பங்குத்தந்தை ஞாயிறு பூசைக்கான அறிவிப்புத் தாளை இழுத்து, அதில் இரண்டு பெயர்களின் மேல் கோடு போட்டார்.