காளிதாசனின் லோரிப் பக்கம்

உமாராணியின் சர்வர், அவள் கணவன் லோகேஸ்வரனின் ஏர்கோன் கடையில் இருந்தது. மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவரிசையின் கடைசிக் கடை அது. பின்கட்டில் வாயு உருளைகளுக்கும் கழற்றிப்போட்ட பழைய கம்ப்ரசர்களுக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி. அதில் இரண்டு கணினிகள். லூனாஸ் பக்கத்தில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலை கழித்துக்கட்டியவை. வெளியே மழை கொட்டினாலும் அந்தக் கணினிகளின் சூடு தணியாது. அதனால் லோகேஸ்வரன் பின்கட்டுக்கென்றே ஓர் ஏர்கோன் மாட்டிக் கொடுத்திருந்தான்.

"ஊருக்கே ஏர்கோன் மாட்டுற எனக்கு முன்னால காத்தாடி. உன் பொட்டிக்கு மட்டும் குளுகுளுன்னு ரூமு" என்பான். சொல்லிக்கொண்டே வாரம் ஒருமுறை அதன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டவும் செய்வான்.

இணையத்தளம் ஒன்றை எழுதினால் மட்டும் போதாது. அதை ஊரார் பார்க்க வேண்டுமென்றால், இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கணினியில் அது குடியிருக்க வேண்டும். ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளியின் மகளான உமாராணி படித்த காலத்தில் அப்படி இடம் கொடுத்த நிறுவனங்களெல்லாம் முதலில் கிரெடிட் கார்டு கேட்டன. அவள் வீட்டில் யாரும் கார்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுதிய முதல் தளத்தை அவளும் அவள் தோழியும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்குள் தங்கிவிட்டது. நாற்பது வயதில், வேலையும் வீடும் நிலைத்த பிறகு, புதிதாகத் தளம் எழுதுகிறவர்களுக்கு இலவசமாக இடம் கொடுக்க ஆரம்பித்தாள். 'ஓரிடம்' என்று பெயர் வைத்தாள். பெயரும் மின்னஞ்சலும் தந்தால் ஐந்து நிமிடத்தில் இடம் கிடைக்கும்.

மூன்று வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். கோயில் திருவிழாத் தளம், பழைய மாணவர் சங்கத் தளம், ஒருத்தியின் சமையல் குறிப்பு, ஒருவனின் காற்பந்துக் கணக்கு. தொல்லையும் கூடவே வந்தது. திருட்டுப் படங்களைக் கொண்டுவந்து நிரப்பியவன் ஒருவன். சாப்பாட்டு வேளையில் அழைத்து, "அக்கா, என் பக்கம் ரொம்ப ஸ்லோ லா" என்று கோபித்துக்கொண்டவர்கள் பலர். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தபடியே பதில் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை தொழிற்சாலை கேண்டீனில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் கைப்பேசியில் வந்தது. கடைக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அனுப்பியது. அவள் முகவரியில் ஒரு வங்கியின் போலிப் பக்கம் ஓடுகிறதாம். ஆட்களை ஏமாற்றி இரகசிய எண்ணைப் பிடுங்கும் பக்கம். உடனே நீக்காவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவார்களாம்.

கை கழுவாமலே நீக்கினாள். மறுநாள் அதே பக்கம் வேறு மூன்று பெயர்களில் முளைத்தது. அதையும் நீக்கினாள். சனிக்கிழமை இன்னும் பத்து. யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் இடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டிருந்தான். அன்று மதியம் இணைப்பு வெட்டப்பட்டது. ஒருவன் செய்த வேலைக்கு இருநூறு பேரின் பக்கங்களும் இருண்டன.

முழுக்கச் சுத்தம் செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் திங்களன்று திறப்போம் என்றார்கள். ஞாயிறு முழுவதும் அவள் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் பார்த்தாள். புதுப் பதிவை நிறுத்தினாள். பெயரே இல்லாமல் எழுத்தும் எண்ணுமாக இருந்த கணக்குகள், வெள்ளிக்கிழமை 'நீங்கள் யார்' என்று கேட்டு அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாதவர்கள், இயந்திரம் தட்டுவதுபோல் யாரோ விடாமல் தட்டித் திறந்துகொண்டிருந்த பக்கங்கள் என்று தேடித்தேடி அறுபத்தொன்றை அழித்தாள். அழித்த சுவடுகூட இல்லாமல் அழித்தாள். திங்களன்று இணைப்பு வந்தது. லோகேஸ்வரன் அன்று அவளுக்குப் பிடித்த மீ கோரேங் வாங்கி வந்தான்.

புதன்கிழமை மாலை அவள் வேலை முடிந்து கடைக்கு வந்த சற்று நேரத்தில், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு செம்பனை லோரி நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் இறங்கினான்.

"லோரி ஏர்கோனா தம்பி? நாங்க வீட்டு ஏர்கோன் மட்டுந்தான் பாக்குறோம்" என்றான் லோகேஸ்வரன்.

"இல்லண்ணே. ஓரிடம்கிறது இங்கதானா? எம் பேரு காளிதாசன். கரங்கான்லேர்ந்து வர்றேன்."

உமாராணி எழுந்து வந்தாள்.

"அக்கா, எம் பக்கத்த காணோம்க்கா. நாலு நாளாச்சு."

"எந்தப் பேருல இருந்துச்சு?"

"கேசிகே ஏழு ஏழு எட்டு ஒண்ணு. நம்ம லோரி நம்பருதான்" என்று வாசலைக் காட்டினான்.

அவள் வாசலுக்கு வந்து லோரியின் எண்ணைப் படித்தாள். அந்தப் பெயர் நன்றாக நினைவிருந்தது. விடிகாலை ஐந்து மணியிலிருந்து நூற்றுக்கணக்கான தட்டல்கள். உள்ளே விளக்கமாக ஒரு வரி இல்லை, வெறும் சுருக்கெழுத்தும் எண்களும். இது மனிதர் பார்க்கும் பக்கமில்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

"அது என்ன பக்கம் தம்பி?"

காளிதாசன் சொன்னான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எண்ணெய் ஆலை வாசலில் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று வரிசையில் கிடக்கும். எந்த ஆலையில் எத்தனை லோரி நிற்கிறது என்று முன்பே தெரிந்தால் ஓட்டுநர் வேறு ஆலைக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் தூங்கலாம். வரிசையில் சேரும்போது ஒரு பொத்தான், வெளியேறும்போது ஒரு பொத்தான். அவ்வளவுதான் அந்தப் பக்கம். வரிசையில் காத்துக்கிடந்த நேரத்திலேயே கைப்பேசியில் பார்த்துப் படித்து, கைப்பேசியிலேயே எழுதியது. இப்போது எண்பது ஓட்டுநர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

"நான் அனுப்புன ஈமெயில் பாக்கலியா?"

"ஈமெயிலா? பேரு பதியறதுக்குத்தான்கா அத தொறந்தேன். அப்புறம் தொடவே இல்ல."

"வேற நகல் வச்சிருக்கீங்களா?"

"நகலா?" அவன் விழித்தான். "அக்காகிட்டதான இருந்துச்சு!"

நகலை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓரிடத்தின் விதிகளில் தெளிவாக இருந்தது. அவளே தட்டச்சு செய்த வரி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"நான்தான் தம்பி அழிச்சேன். திருட்டுப் பக்கம்னு நெனச்சுட்டேன்."

அவன் கத்தவில்லை. "என்னையாக்கா அப்படி நெனச்சீங்க?" என்று மட்டும் கேட்டான். கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

லோகேஸ்வரன் மூன்று கோப்பை தே ஓ வாங்கிவந்து வைத்தான். "தம்பி, அழிச்சது அவதான். திருப்பிக் கொடுக்கறதும் அவதான். மொதல்ல உக்காருங்க."

இரண்டாவது கணினியில், வட்டு மாற்றியபோது அவள் எடுத்துவைத்த பழைய நகல் ஒன்று கிடந்தது. நாலு மாதத்துக்கு முந்தியது. அதில் ஒரே ஓர் ஆலைதான் இருந்தது; நிறமெல்லாம் கண்ணைக் குத்தியது. காளிதாசன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டான். "ஐயோ, இதையா ஆளுங்களுக்குக் காட்டுனேன்?"

மூன்று ஞாயிறுகள் அவன் கடைக்கு வந்தான். எழுதியதை நினைவிலிருந்து அவன் சொல்லச் சொல்ல, இருவருமாகத் திரும்பக் கட்டினார்கள். அவன் எழுத்தில் ஒழுங்கே இல்லை. ஆனால் ஒரு பகுதி வந்ததும் உமாராணி கையை நிறுத்திவிட்டாள். வெளியேறும் பொத்தானை அழுத்த மறக்கும் ஓட்டுநரை, அந்த ஆலையின் அன்றைய வேகத்தைக் கணக்கிட்டுப் பக்கமே வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறது.

"இது எங்க படிச்சீங்க?"

"படிக்கல லா அக்கா. எல்லாவனும் மறந்துடுவானுங்க. நானே மறந்துடுவேன்."

தொழிற்சாலையில் பதினாறு வருடம் கணினிப் பிரிவில் இருந்தவளுக்கு அது தோன்றியிருக்குமா என்று அவளுக்கே சந்தேகம். இப்படிப்பட்டதைத்தான் ஒரு நொடியில் அழித்தேன் என்று நினைத்தபோது, மனசு தாங்கவில்லை.

அன்று கடையைச் சாத்தும்போது சொன்னாள்: "மூடிரலாங்க. பதிவத் தொறந்தா திருடன் வர்றான். அடைச்சா காளிதாசன் மாதிரி ஆளு வர முடியல. வந்தவங்களையும் நான் அழிச்சிர்றேன்."

லோகேஸ்வரன் இரும்புக் கதவைப் பாதியில் நிறுத்தினான். "ஏர்கோன் வேணும்னா என்ன பண்றாங்க? கடைக்குப் போன் பண்றாங்க. இடம் வேணும்னாலும் பண்ணட்டுமே. நான் பேசறேன்."

"உங்களுக்கு வெப்சைட்டப் பத்தி என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆளுங்கள தெரியும்."

அப்படித்தான் ஆனது. பழைய ஆட்கள் எல்லாருக்கும் உமாராணி எழுதி, தொலைபேசி எண் கேட்டாள். எண் தந்தவர்களை அவன் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினான். இடம் கேட்டு வரும் புது அழைப்புகளை, "ஏர்கோனா, வெப்சைட்டா?" என்ற கேள்வியோடு எடுத்தான். பேர் என்ன, என்ன எழுதுறீங்க, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு யாராலும் பொய் சொல்ல முடியாது என்பது அவன் நம்பிக்கை. அது சரியோ தவறோ, போலிப் பக்கக்காரன் ஒருமுறைகூட அழைக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. லூனாஸிலிருந்து ஷீலா என்ற பெண் எழுதினாள்: 'எனக்குக் காது கேட்காது. நான் எப்படிப் போன் பேசுவது?' உமாராணி நாக்கைக் கடித்துக்கொண்டு, நேரில் வரலாம், எழுதியும் பேசலாம் என்று விதியைத் திருத்தினாள். அழைக்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ, தெரியவில்லை. எண் தராத கணக்குகளை அழிக்காமல் மூடி மட்டும் வைத்தாள். நகலும் அவளே எடுத்தாள். உரியவரைக் கேட்காமல் ஒரு பக்கத்தையும் நீக்குவதில்லை என்பது முதல் விதியானது.

லோரிப் பக்கம் மீண்டும் ஓடத் தொடங்கிய மாதம், காளிதாசன் வற்புறுத்திக் கூப்பிட்டதால் இருவரும் ஒரு காலையில் கரங்கானுக்குப் போனார்கள். ஆலைக்குப் போகும் சாலையோரக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒதுங்கி நின்ற லோரி ஒன்றிலிருந்து ஓர் ஓட்டுநர் தலையை நீட்டிக் கைப்பேசியைப் பார்த்தார்.

"இன்னும் பதினாலு லோரி நிக்கிதுப்பா" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பப் படுத்துவிட்டார்.

உமாராணி குரலைத் தாழ்த்தினாள். "பாத்தீங்களா?"

"சத்தம் போடாத" என்றான் லோகேஸ்வரன். "மனுசன் தூங்கட்டும்."