முப்பத்தேழாம் இலக்கத்தின் சிரிப்பு

1.
இந்தக் கதை ஒரு தாளின் அடியிலிருந்து எடுத்தது. கண்டியில் ஓர் ஆய்வறையில் எனக்கு வேலை. கவனம் நிலைக்க மாத்திரை எடுக்கும் பிள்ளைகளின் இதயத் துடிப்புப் பதிவுகளைக் கணினியில் துப்புரவாக்குவேன். பிள்ளையின் நெஞ்சில் ஒரு நாள் முழுக்கக் கருவி ஒட்டியிருக்கும். எந்த நேரம் பிள்ளை என்ன செய்தது என்று வீட்டார் தாளில் எழுதித் தருவார்கள். என் மேசைக்கு வரும்போது பெயரும் ஊரும் போய் இலக்கம்தான் மிஞ்சும்.

முப்பத்தேழாம் தாளில் இருந்தது இது:

"பின்னேரம் 4.10. வாப்பாட சாரம் பலாப்பால்ல கதிரையோட ஒட்டிட்டு. மகள் விழுந்து விழுந்து சிரிச்சா. மாத்திரை தொடங்கின பொறகு இதுதான் முதல் தடவ. மிஸ், அந்தச் சிரிப்பு உங்கட மெசின்ல ஈக்கிதா? ஒருக்காச் சொல்லுங்களேன்."

2.
முதல் தொடக்கம்: "மடவளை பஸ்ஸிலிருந்து பஸ்னா இறங்கியபோது மழை..." சீ! மழை இல்லாமல் ஒரு கண்டிக் கதை எழுத வராதா எனக்கு?

இரண்டாவது: "அந்த மாத்திரை ஹப்ஸாவின் சிரிப்பைத் தின்று..."

[நிறுத்திவிட்டேன். மாத்திரைக்குச் செய்யும் அநியாயம். அதே தாளில் காலை ஒன்பது மணிக்கு, "மகள் ஒரு பக்கம் முழுக்க எழுதினா, அல்ஹம்துலில்லாஹ்" என்றும் இருக்கிறது.]

தாய்க்கு பஸ்னா, மகளுக்கு ஹப்ஸா, ஊருக்கு மடவளை: மூன்றும் என் கற்பனை.*

* முஸ்லிம் வீடு என்பதற்கு "வாப்பா", "அல்ஹம்துலில்லாஹ்" என்ற இரண்டு சொற்கள்தான் கையிலிருந்த துப்பு.

3.
பஸ்னா ஆய்வறைக்கு வந்து அழுவதாக ஒரு காட்சி எழுதி, பக்கத்து மேசை ருஷ்தியிடம் காட்டினேன். சிரித்தான்.

"லோஜினி அக்கா, இவ ரேடியோ நாடகத்துல மாதிரி கதைக்கிறா. எங்கட உம்மாமார் இப்பிடி அழுதுட்டு நிக்க மாட்டாங்க."

"அப்ப என்னதான் செய்வாங்க?"

"கேப்பாங்க. பதில் வரும் வரைக்கும் வழி பாத்துட்டு ஈப்பாங்க."

சுருக்கென்றது. தாள் வந்து ஐந்து மாதம், பதில் போகவில்லை.

"அந்தப் பேர மட்டும் எடுத்துத் தர முடியுமா ருஷ்தி?"

"பூட்டி வெச்சீக்கி அக்கா. பிள்ளைகள்ட பாதுகாப்புக்குத்தானே."

அவன் சொன்னது சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

4.
பதிவில் 4.10ஐத் திறந்தேன். வெறும் கிறுக்கல். சிரிப்பில் உடம்பு குலுங்கி வயர்கள் ஆடியிருக்கின்றன, துடிப்பே தெரியவில்லை. எங்கள் வேலையில் இதற்கு இரைச்சல் என்று பெயர். வெட்ட வேண்டும்.

[இந்த இடத்தில் "நான் வெட்டவில்லை" என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். வெட்டினேன். வெட்டுமுன் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.]

5.
பஸ்னா வருகிறாள், நான் சொல்கிறேன், அவள் முகம்... இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்க எவ்வளவு ஆசை என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எனக்கு இந்தக் கதையை விட்டால் வேறு வழியில்லை.

ஆகவே முடிவு உங்கள் கையில். தெரிந்த உம்மாமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். ஒருவேளை நீங்களே அந்த உம்மாவாக இருந்தால்: சிரிப்பு மெசினில் இருந்தது. நாலு பத்திலிருந்து ஒரு நிமிடம் நாற்பது வினாடி. நடுவில் ஒருதரம் உங்கள் மகள் மூச்சு வாங்க ஓய்ந்து, மறுபடியும் தொடங்கியிருக்கிறாள்.