மதகுச் சாவி

ஏரி மதகை ரிப்பேர் செய்யப் பணம் கேட்டு விவசாயி தாண்டவராயன் ஏறாத படி இல்லை. பொதுப்பணித்துறை ஆபீசில், "ஊரச் சுத்திக் கம்பெனியா கீதே, அவங்களக் கேளு" என்று கையை விரித்தார்கள். கடைசியில் ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்டது. லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்க வேண்டுமாம். அதுவும் மார்ச் முடிவதற்குள் செலவழிக்க வேண்டுமாம். கேட்டவரைவிடக் கொடுப்பவர்களுக்கு அவசரம். அதுவே தாண்டவராயனுக்கு விளங்கவில்லை.

விவசாயிகளும் ஒரு பங்கு போட வேண்டும், அப்போதுதான் 'நம்முடையது' என்ற எண்ணம் வரும் என்றார் கம்பெனி மேடம் சுகப்பிரியா. பாசன சங்கத் தலைவர் வரதராஜன் வீடு வீடாக வசூலித்தார். தன் நிலத்தை எல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, தலைவர் பதவியை மட்டும் விற்காமல் வைத்திருப்பவர் அவர். தாண்டவராயனின் மனைவி முனியம்மாள் கிடாவை விற்றுக் கொடுத்தாள்.

மதகும் வந்தது. பச்சை பெயின்ட் அடித்த இரும்பு ஷட்டர். பழைய மதகின் கைப்பிடியை இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட ஊர் என்பதால், கழற்றி எடுத்து வைக்கத் தோதாக, ஷட்டரைத் திருகத் தனிச் சாவி ஒன்று செய்திருந்தார்கள். முழ நீளம்.

"இது இல்லாம எந்தக் கொம்பனும் ஒரு சுத்து சுத்த முடியாது அண்ணாச்சி" என்றார் காண்டிராக்டர் பேச்சிராஜ், திருநெல்வேலிக்காரர். "எஸ்டிமேட்ல ஒண்ணுதான் போட்டிருக்கு. பத்திரமா வச்சுக்கிடுங்க."

பத்திரமாகத்தான் வைத்தார்கள், திறப்பு விழா வரைக்கும். கரையில் பந்தல், பந்தலுக்கு மேல் லாரி நீளத்துக்கு ஒரு பேனர். அதில் கம்பெனியின் பெரிய அதிகாரி சிரித்தார். அவரைவிடப் பெரிதாக வரதராஜன் சிரித்தார். குங்குமம் வைத்த சாவி தாம்பாளத்தில் வந்தது. அதிகாரி திருக, தண்ணீர் பாய்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ரிப்பன் வெட்டினால் கத்தரிக்கோலையும், அடிக்கல் நாட்டினால் கரண்டியையும் வந்தவருக்கே கொடுத்தனுப்புவது விழாக்களின் முறை. முறை தவறாத வரதராஜன், சாவியைச் சால்வையில் சுற்றி அதிகாரியின் காரில் வைத்தார்.

பந்தி முடிந்து மதகை மூடப் போன தாண்டவராயன் தாம்பாளத்தைப் பார்த்தார். குங்குமம்தான் இருந்தது.

"தலைவரே, சாவி எங்க?"

"கெஸ்ட்டுக்குக் குடுத்தாச்சு. மரியாத இல்லியா?"

"மதகு தொறந்தே கீதே."

"தொறப்பு விழான்னா தொறந்துதான் இருக்கும். மூடு விழாவா நடத்துனோம்?"

மாசி மாதம். நவரை நெல் பால் பிடிக்கும் சமயம். இனி மழை கிடையாது. அறுப்பு வரை இழுத்துப் பிடிக்க வேண்டிய தண்ணீர், வயலை நிரப்பிவிட்டுக் கம்பெனிப் பக்கத்து ஓடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தாண்டவராயன் ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள், பூ மாலையோடு சாவி இருந்தது. சுகப்பிரியா உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார்.

"இது இப்ப கம்பெனி சொத்து ஐயா. வெளிய எடுக்கக் கேட் பாஸ் வேணும். ரிப்பேர் வேலைக்குன்னு எழுதலாம்னா, ரிப்பேர் முடிஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. முடியலன்னு எழுதினா குடுத்த பணத்தத் திருப்பிக் கேப்பாங்க."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

"அப்ப வேற சாவி ஒண்ணு செஞ்சி குடும்மா."

"ஏப்ரல்ல புது நிதி வரும், மனு குடுங்க. உங்க பங்கும் போடணும்."

"போன தபா போட்ட பங்கு எதுக்குப் போச்சு?"

சுகப்பிரியா கணினியைப் பார்த்தார். "பந்தல், சால்வை, பேனர். முழுக்க விவசாயிகள் பங்களிப்பு."

ஆட்டோவில் திரும்பும்போது யார்மேல் கோபப்படுவது என்று யோசித்துப் பார்த்தார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசியிருந்தார்கள். மோர்கூட நன்றாக இருந்தது. முழுசாகப் புரிந்தது ஒன்றுதான்: பேனர் நம்முடையது.

கரைக்கு வந்ததும் பேனரை அவிழ்த்தார்.

"இன்னாய்யா பண்ற?" என்றாள் முனியம்மாள்.

"நம்ம கிடா இது. புடி அந்தப் பக்கம்."

உள்ளே வைக்கோலை வைத்துச் சுருட்டி, கயிறு கட்டி, ஏரிப் பக்கமாக இறங்கி மதகு வாயில் விட்டார்கள். தண்ணீரே அதை உள்ளே இழுத்து அடைத்துக்கொண்டது. முனியம்மாள் களிமண்ணை வாரி வாரி அப்பினாள். ஓட்டம் கசிவானது.

வரதராஜன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், கெஸ்ட் மூஞ்சி கீதுய்யா அதுல."

"அத உள்ளாற வச்சிச் சுத்திட்டேன் தலைவரே, நனையாது. உங்க மூஞ்சிதான் தண்ணியத் தாங்கிகினு கீது."

சாயங்காலம் சுகப்பிரியாவின் போன். "ஐயா, ரிப்போர்ட்டுக்கு ஒரு போட்டோ வேணும். பேனர் மதகுகிட்ட இருக்குதுங்களா?"

"மதகுலதாம்மா கீது."

"ரொம்ப நல்லதுங்க. அப்படியே இருக்கட்டும், எடுத்துடாதீங்க."

தாண்டவராயன் அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவுக்குப் புரியலியா, எனக்குப் புரியலியா?"

ஓரத்தில் இன்னும் கசிந்தது. முனியம்மாள் இன்னொரு கை களிமண் எடுத்தாள்.