பெர்சிஸ் கண்ணை மூடுவதில்லை

வாசலில் நட்சத்திரம் எரிகிறது. வெளியே மழை. சிவப்புத் தாள் நட்சத்திரம். நனையாமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டியிருக்கிறேன். அதன் சிவப்பு, ஈரப்படியில் விழுந்து, கதவு வழியாக உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் நிற்கிறது.

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். மழையும் நட்சத்திரமும். எந்த வீட்டுச் சிவப்பு எந்த வீட்டுப் படியில் கிடக்கிறது என்று பிரிக்க முடியாது.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரிப்போம். நடுவில் பைபிள். பைபிளில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் என் வீட்டுக்காரர் ஜெபசிங். தோஹாவில் இரவு வேலைக்குக் கிளம்பும் முன், கட்டிலில் சம்மணம் போட்டு எங்களோடு உட்கார்ந்துவிடுவார்.

போன் எங்கள் வீட்டுக்குத் திருடனாக வரவில்லை. அப்பாவாக வந்தது. பைபிளில் சாய்ந்து உட்கார்ந்தது. அதை யார் சந்தேகப்படுவார்?

எங்கள் மகள் பெர்சிஸுக்கு ஏழு வயது. அவள் ஜெபம் செய்தால் சரக்கு ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

"இயேசப்பா, அப்பா வெயில்ல கறுத்துரக் கூடாது. ரெஜினா அத்தை வீட்டுப் பூனைக்கு நல்லபடியா குட்டி பொறக்கணும். எங்க நட்சத்திரம் மழையில நனையுது, அதுக்குக் காய்ச்சல் வந்துரக் கூடாது..."

சோறு ஆறிப்போகும். "ஏட்டி, ஆமென் சொல்லுட்டி, பசிக்கி" என்பேன். போனுக்குள் அவர் சிரிப்பார். ஒரு கண்ணைக்கூடத் திறக்காமல் அவளும் சிரிப்பாள்.

ஒரு நாள் அந்த ரயில் நின்றுபோனது.

"ஆமென்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் ஆமென் மட்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பூனை குட்டி போட்டது. அதையும் அவள் போய்ப் பார்க்கவில்லை.

ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருப்போம். யார் மூடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்குகிற வாசனை வந்தது. ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தேன்.

பெர்சிஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. இமைக்கவே இல்லை. வாசல் சிவப்பு அந்தக் கண்ணுக்குள் நின்றது. பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

எங்கள் சபையில் ஒரு வைத்தியம் உண்டு. ஜெபத்தில் கண் திறக்கிற பிள்ளைக்குத் தொடையில் கிள்ளு. எல்லா அம்மாமாரும் செய்வதுதான். நானும் கிள்ளினேன். "கண்ண மூடுட்டி! ஆண்டவர் முன்னால உக்காந்திருக்க, மறந்துட்டியா?"

அவள் அழவில்லை. மூடவும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது கண்ணைப் பொத்த மாட்டேன் என்கிறாள். பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் என்று அவளைச் சேர்ப்பதில்லை. தூக்கம் அவளைப் பிடித்து அமுக்கும்வரை கூரையைப் பார்த்தபடியே கிடக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்துவிட்டது. ஏழு வயசுப் பிள்ளைக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குக் கிளப்ப, தலைக்கு ஊற்றினேன். முகத்தில் சோப்புப் போட்டேன். நுரை கண்ணுக்குள் போனது. எரியுது எரியுது என்று கத்துகிறாள். ஆனால் மூட மாட்டேன் என்கிறாள். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்துவிட்டது.

"மூடித் தொலையேன்டி!"

"மூடுனா அந்த மாமா வாராரும்மா."

எந்த மாமா?

விக்கி விக்கிச் சொன்னாள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒரு பாட்டுப் பழக வேண்டும் என்று, ஒரு சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் போனை அவளிடம் கொடுத்திருந்தேன். நான் தோசை ஊற்றப் போனேன். பாட்டு முடிந்தது. அடுத்தது தானாக வந்தது. நடுத்தெருவில் ஒரு மனுஷனை நாலு பேர் வெட்டுகிறார்கள். நடிப்பு இல்லை. நிஜம். யாரோ பக்கத்தில் நின்று போனில் பிடித்திருக்கிறான்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான் இருந்தது. தோசை முறுகலாக வரவேண்டும் என்று நான் தீயைக் குறைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

"சுத்தி நெறையப் பேரு நின்னாங்கம்மா. எல்லாரும் மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. வெட்டுப்பட்ட அந்த மாமா என்னயத்தான் பாத்தாரு."

தண்ணீரை ஊற்றினேன். சோப்புப் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

"இயேசப்பாவும் கண்ண மூடிக்கிட்டாராம்மா?"

"இல்ல மக்கா. அவரு மூட மாட்டாரு."

"அப்ப பாத்தாரா? பாத்துட்டுச் சும்மா இருந்தாரா?"

எனக்கு வாய் அதிகம் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். யாரையும் விட்டுவைக்காத வாய். அந்த வாயை அவள் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஈரப்பிள்ளையை அப்படியே சேலையோடு அணைத்துக்கொண்டேன். கிள்ளிய இடம் தொடையில் இன்னும் கன்றியிருந்தது.

கோயிலில் பாட்டு நடந்தது. பிரசங்கம் நடந்தது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சிறுபிள்ளையை இடறப் பண்ணுகிறவன் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் போடுவது மேல் என்று ஆண்டவர் சொன்னாரே, அதுவே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. கல்லுக்கும் பஞ்சமில்லை. கட்டுவதற்குக் கழுத்து எங்கே ஆண்டவரே? வெட்டினவன் நாலு பேர். படம் பிடித்தவன் ஒருவன். பரப்பினவன் ஆயிரம் பேர். அதை ஒரு பச்சைப்பிள்ளையின் பாட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது எதுவோ, அதற்கு முகமே இல்லை. கழுத்துக்கு எங்கே போவேன்?

ஆமென் என்றார்கள். எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். பெர்சிஸ் ஏற்கெனவே திறந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனுக்குள் அவர் முகம் சுருங்கிப்போனது. இனி இந்தப் போன் வீட்டில் வேண்டாம் என்றேன். அலமாரியில் பழைய பட்டன் போன் கிடக்கிறது, அது போதும் என்றேன்.

"அப்ப இனிமே பிள்ள மொகத்த நான் எப்படிப் பாக்க?"

"லீவுல வந்து பாருங்க."

இரக்கமில்லாத பேச்சுதான். வேறு பேச்சு எனக்கு வரவில்லை. அவர் கண்ணைத் துடைத்தார். திரையை நெருங்கி, பாயில் உட்கார்ந்து பூரிக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்த மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி சுகந்தி. சத்தம் கேட்டா போதும்."

அத்தோடு அவர் முகம் அணைந்தது. எங்கள் வீட்டில் அதுதான் கடைசி வெளிச்சம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் மழை பிடித்தது. ஏழு மணி. பாய். பைபிள். பக்கத்தில் பட்டன் போன், அதற்குள் அவர் குரல் மட்டும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கினார். குரல் உடைந்திருந்தது. அங்கே அவர் கண்ணை மூடியிருப்பார்.

நான் மூடவில்லை. பிறந்ததிலிருந்து ஜெபத்தில் மூடிய கண். அன்று மூடவில்லை.

பெர்சிஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ம்மா, நீ மூடல."

"மூட மாட்டேன். நீ மூடு. நான் முழிச்சி இருக்கேன். யாரு வந்தாலும் மொதல்ல நான் பாக்கேன்."

யோசித்தாள். சின்னப்பிள்ளை யோசனை இல்லை அது.

"நடுவுல மூடிர மாட்டியே?"

"மாட்டேன்."

"பால் பொங்குனா?"

"பொங்கட்டும். திரும்ப மாட்டேன்."

இமை மெல்ல இறங்கியது. உடனே ஏறியது. நான் அங்கேயே இருந்தேன். மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. நான் அங்கேயே இருந்தேன். மூன்றாம் முறை இறங்கி, நடுங்கி, நடுங்கி, நின்றது.

"இயேசப்பா..."

எத்தனை நாளைக்குப் பிறகு! போனுக்குள் அவர் பட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

"இயேசப்பா, அந்த மாமா பேரு எனக்குத் தெரியாது. அவருக்கு இனிமே வலிக்கக் கூடாது. அவரு என்னயப் பாத்தது போதும், இனி உங்களப் பாக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். பூனை வரவில்லை. நட்சத்திரத்தின் காய்ச்சல் வரவில்லை. அந்த ஜெபமெல்லாம் திரும்பி வருமா, வராமலே போய்விடுமா, எனக்குத் தெரியவில்லை. அழுதால் கண் மூடிவிடும். அழவில்லை.

ஆமென் சொல்லுமுன்னே என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். போனுக்குள் ஒரு மனுஷன் தேம்பிக்கொண்டிருந்தார். அவளுக்காக அவரே ஆமென் சொன்னார்.

வாசலில் நட்சத்திரம் எரிகிறது. வெளியே மழை. சிவப்பு, பாயின் ஓரத்தைத் தாண்டி வந்து, மூடிய இரண்டு இமைகளின் மேல் கிடக்கிறது. என் கண் எரிகிறது. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.