நூற்றிருபது பேரும் போட்ட ஐந்து

“இதையெல்லாம் எந்த மரத்தடியில இருந்து நிரப்புன?”

பெர்சிஸ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

வெளித்தேர்வாளர் குமரகுருபரன் படிவக் கட்டை மேசைமீது தொப்பென்று போட்டார். பாளையங்கோட்டையைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் கடைசி வாய்மொழித் தேர்வு. ‘வெண்முத்து’ இட்லி மாவைப் பற்றி வாடிக்கையாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் பெர்சிஸின் ஆய்வு.

“நூத்தியிருபது பேரு. ஆளுக்கு ஒம்பது கேள்வி. எல்லாத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு. இந்த ஊர்ல இட்லியில குறை சொல்லாத ஆளும் உண்டாம்மா?”

“சத்தியமா அவங்களே எழுதுனது சார். ஆராதனை முடிஞ்சதும் எங்க சபைப் பெண்கள் சங்கத்துல குடுத்தேன்.”

“முடிவு நல்லா வந்திருக்கேன்னுதான் நானும் கையெழுத்துப் போட்டேன்” என்று முனகினார் வழிகாட்டி அனுராதா. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“போலின்னு ஒரு வரி எழுதினா ஒரு வருஷம் போச்சு. தெரியும்லா?” என்றார் குமரகுருபரன், பெர்சிஸிடம்.

தெரியும்.

கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். அதிலிருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார். ஒரு மணி. இரண்டு. மூன்று. எடுக்க மாட்டார்களோ?

“யாரு பேசுதது?”

“ஜெபகனி அம்மாவா? பெர்சிஸ்ங்கிற பொண்ணு உங்ககிட்ட ஒரு தாள் குடுத்தாளா?”

“ஆமா, நம்ம சத்தியநேசன் வாத்தியார் மவ. நாந்தான் எழுதுனேன். ஏன், புள்ளைக்கு என்ன?”

பெர்சிஸுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஆனால் குமரகுருபரன் போனை வைக்கவில்லை.

“வெண்முத்து மாவு அவ்வளவு பிடிக்குமோ?”

“அந்த மாவா? ஒருதரம் வாங்குனேன். ஒரே புளிப்பு. தோசை கல்ல விட்டு வரமாட்டேன்னுட்டு!”

“பிறகு எதுக்கு அஞ்சு போட்டிய?”

“நல்லா கேட்டிய! தாள்ல மேல புள்ள பேரும் படிப்பும் போட்டிருக்கு. கீழ, அஞ்சுக்கு மார்க் போடுங்கன்னு இருக்கு. கொறச்சுப் போட்டா புள்ள பெயிலாயிராதா? சங்கத்துல எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தியும் நாலு போடப்படாதுன்னு.”

அனுராதா வாயைப் பொத்திக்கொண்டார். குமரகுருபரன் கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பொய் இல்ல” என்றார், சிரிப்பு அடங்கியபின். “ஆனா ஆய்வும் இல்ல. பதினஞ்சு நாள் தாரேன். உன் பேர் இல்லாத தாளோட, உன்னைத் தெரியாத ஆளுங்கட்ட போ. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேட்டைக்குப் போ. இங்கன என்ன தப்பு நடந்துச்சுன்னு அதையும் ஒரு அத்தியாயமா எழுது.”

வெளியே வந்ததும் பெர்சிஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. கையில் போன் அதிர்ந்தது.

“ஏட்டி, நான் சரியாத்தானே சொன்னேன்?” ஜெபகனிதான்.

“என்னைக் காப்பாத்திட்டிய பெரியம்மா. பேட்டையில புதுசா கேட்டு எழுதணும், அவ்வளவுதான்.”

“பேட்டையா? அங்கன எங்க அண்ணன் பொண்டாட்டி, மைனி இருக்கால்லா! நான் ஒரு வார்த்த சொல்லட்டா?”

“ஐயோ, ஒருத்தர்ட்டயும் சொல்லாதிய!”

அலறிக்கொண்டே சிரித்தவளை வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார்.