சுருள்முடியோடு எடுத்த அளவு

அந்தக் குல்லாவைப் பின்னி முடித்த நிம்மதி பங்கஜத்துக்கு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை, பாருங்கள்.

நாத்தனார் சிந்து, மகள் வர்ஷினியோடு அன்று சாயங்காலம் கனடாவுக்குக் கிளம்புகிறாள். புருஷன் ராகேஷ் அங்கே போய் ஆறு மாதமாகிறது. தை மாதம், இறங்கினால் பனி. "குல்லாவெல்லாம் எதுக்கு மதினி, அங்க போய் வாங்கிக்கிடுதேன்" என்று சிந்து சொன்னது பங்கஜத்துக்குச் சுருக்கென்றது. முதல் குளிர் படும்போது பிள்ளை தலையில் அத்தை பின்னியதுதான் இருக்க வேண்டும். இரண்டரை வயதுக்காரிக்கு அத்தை முகம் எத்தனை நாள் நினைவிருக்கும்? தி.நகரில் சிவப்பு உல்லன் நூல் வாங்கி, யூடியூப் பார்த்து, பின்னிப் பின்னிப் பிரித்து, இரண்டு வாரத்தில் முடித்திருந்தாள்.

காலையில் வடபழனியில் மொட்டை. கத்திரியே படாமல் வளர்த்த பிறந்த முடி, சுருள் சுருளாக அடர்ந்து கிடந்தது. தாய்மாமன், அதாவது பங்கஜத்தின் புருஷன், அய்யாதுரை மடியில் உட்கார்த்தி மழித்து, சந்தனம் பூசி, வீட்டுக்கு வந்ததும் பங்கஜம் ஆசை ஆசையாகக் குல்லாவை மாட்டினாள். அது கண்ணைத் தாண்டி மூக்கு நுனியில் போய் நின்றது.

"லைட் போச்சு" என்றாள் வர்ஷினி உள்ளேயிருந்து.

அய்யாதுரைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏட்டி, மொட்டைக்கு நாள் பாத்தது நீ. சந்தனம் கரைச்சது நீ. அளவ மட்டும் முடியோட எடுத்திருக்கியே!"

"வளந்த பிறவு போட்டுக்கிடட்டும் மதினி" என்று சிந்து அதைப் பெட்டிக்கு அடியில் செருகப் போனாள். பங்கஜம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எலாஸ்டிக் வச்சுத் தச்சிருவமா? நம்ம கடையில கட்டுக் கட்டாக் கெடக்கு" என்றார் அய்யாதுரை.

"புது மொட்டைங்க. வரி வரியாச் செவந்துரும்."

மணி பதினொன்று. நூலின் நுனியை இழுத்தாள், இரண்டு வார வேலை பொலபொலவென்று உதிர்ந்தது. இலை போட்டுக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பின்னல் கண்ணிகளைக் குறைத்து மறுபடி போட்டாள். நடுவில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி இரண்டு சுற்றுப் பிரித்தாள். "இங்க வா தங்கம், தலையக் காட்டு" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கூப்பிட, வர்ஷினி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

காரிலும் ஊசி நிற்கவில்லை. வண்டியோட்டி பிரபு கண்ணாடியில் பார்த்தான். "யக்கா, கத்திப்பாரா தாண்டிட்டோம். இன்னா, இன்னும் முடியலியா?"

"மெதுவாப் போப்பா."

"மெதுவாப் போனா பிளேன் போய்க்கினே இருக்கும்க்கா!"

டிக்கெட் இல்லாதவர்களுக்கு விமான நிலையத்துக்குள் இடமில்லை. சிந்து வாசல் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தாள். உச்சியை மெல்ல மெல்லக் குறுக்க வேண்டும். அதற்கு நேரம் ஏது? பங்கஜம் மிச்சக் கண்ணிகள் எல்லாவற்றிலும் நூலைக் கோத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சுருக்குப் பை வாய் மாதிரி உச்சி குவிந்தது. நாலு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு ஓடினாள்.

"சிந்து, நில்லு!"

குல்லா காதை மூடி, புருவத்துக்கு மேலே நின்றது. வர்ஷினி தலையை உதறிப் பார்த்தாள். விழவில்லை. சிவப்பு நூலில் சந்தனம் அப்பியது.

"பெட்டிக்குள்ள வச்சிராத."

சிந்து மதினியின் விரல்களைப் பார்த்தாள். ஊசி அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. "எறங்குறப்ப தலையிலதான் இருக்கும் மதினி" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்பு போய் மறைந்தது.

திரும்பும்போது அய்யாதுரை, "முடிஞ்சிட்டுல்லா? இனியாவது கையச் சும்மா வையி" என்றார். பங்கஜம் கிண்டி வரைக்கும் சும்மாதான் இருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, மூணு மாசத்துல முடி வளந்துருமே. அது இறுக்குமே!"

அவர் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டைத் தட்டினாள்.

"பிரபு, தி.நகர்ல நூல் கடை வாசல்ல நிறுத்துப்பா."