சுத்தம் என்று பேர் வைத்த கணினி

...வந்துவிட்டது, அரை மாத்திரை என்ற குறி பளிச்சென்று வந்துவிட்டது, விண்டோஸ் பதினொன்றில், பத்தில், லினக்ஸில், பழைய ஏழிலும்கூட, பிறகு எப்படி அந்தப் பிள்ளையின் மருந்துச் சீட்டில் மட்டும் அரைக்குப் பதில் வெறும் கட்டம் விழுந்தது... இசக்கிச்செல்வி இலத்தூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மடிக்கணினிக்குள் தனிக் கணினி மாதிரியே ஓடும் பொய்க் கணினியை மூடி மறுபடியும் திறந்தாள். பிழைப்பே இதுதான், தென்காசிக் கம்பெனி செய்த மருந்துச் சீட்டு மென்பொருளை இப்படி நாலு பொய்க் கணினிகளில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுப்பது. வலிப்பு மாத்திரை, அரை. மருந்துக் கடையில் கட்டத்தை ஒன்று என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று நாள். நாலு வயது, காலையிலிருந்து கண் திறக்கவில்லை. அலிமா என்று பெயரை வேறு சொன்னார் கம்பெனி மேனேஜர் மாரிச்செல்வம் அண்ணன், சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் 'சுத்தம்' என்று பேர் வைத்துச் சேமித்த நிலைக்குத்தானே திரும்புகிறாள், கடையிலிருந்து வந்த கணினி மாதிரி, மேற்கொண்டு எதையும் ஏற்றாதது... எதையுமா? அதைச் சேமித்த நாள், ஆனி மாதம், சீசன், மதுரைச் சித்தி வீட்டார் வேனோடு வந்து வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள், ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம், சீக்கிரம் வாட்டி என்று சித்தி கத்துகிறாள், அன்றைக்கு ஏழின் திரையில் கட்டம்தானே வந்தது? ஆமாம், வந்தது. அந்தக் குறிக்கான எழுத்துரு அதில் இல்லை என்று இவளே ஏற்றினாள், கட்டம் போயிற்று, அதையே சுத்தம் என்று சேமித்துவிட்டுத் தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு ஓடினாள். கட்டம் வந்தது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால்... விண்டோஸ் ஏழை முதலிலிருந்து புதிதாக நிறுவினாள், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, சீட்டை அடித்தாள். கட்டம். அந்த மாதிரிப் பழைய கணினி வைத்திருக்கும் நாற்பது கிளினிக்காவது இருக்கும், இந்த நிமிஷம் எங்கேயோ ஒருத்தர் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு நடந்துகொண்டிருப்பார்.

போன் அடித்தது. மாரிச்செல்வம்தான். "செல்வி, ஓட்டிப் பாத்தியா? கிளினிக்காரன் நம்ம மேல பழி சொல்லுதான். உன் மெஷின்ல சரியாத்தான வருது?"

சொல்லிவிடலாம், இப்போதே, நான்தான் என்று, வேலை போனால் போகட்டும், வேலை மட்டுமா போகும், போலீஸ் வருமோ, அப்பா போலீஸ்காரர், அவர் முகத்தில் எப்படி முழிப்பது, அந்தப் பிள்ளையின் அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்...

"ஆமாண்ணே, எம் மெஷின்ல சரியாத்தான் வருது."

"அது போதும்மா. அப்ப அவங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு." வைத்துவிட்டார்.

பொய் இல்லை, சுத்தம் என்ற அந்த மெஷினில் சரியாகத்தானே வருகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, எவ்வளவு கச்சிதமாக வந்து விழுந்தது, யோசிக்கவே இல்லையே... யோசிக்கவில்லையா? போன் அடிப்பதற்கு முன்னாலிருந்தே, புதிதாக நிறுவிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரமும், அந்த வார்த்தைகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.